மணவிழாவுக்கு முந்திய விருந்தும் உணவகத் தெரிவும்

  

நிக்காஹ்வுக்கு ஓரிரு தினங்களுக்கு முன்னர் இரு வீட்டாரையும் ஓர் உணவகத்துக்கு அழைத்து இராப்போசனம் வழங்கும் வழக்கம் நமது நகரங்களில் காணப்படுகின்றது. வீட்டில் இடமில்லை, முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்க ஆளுமில்லை. எனவே உணவகத்தை நாடுவதைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், இவ்விருந்து மார்க்கம் நம்மீது சுமத்தியதன்று என்பதைப் பெற்றோரும் இளைஞரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய மணவிருந்து வலீமாவாகும். அதனை அளிப்பவர் மணமகன். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மணமுடித்த செய்தி அறிந்து, ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமாக் கொடுக்குமாறு அன்னார் பணித்தார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸபிய்யா (ரழி) அவர்களை மணந்தபோது அன்னாரே கொடுத்த வலீமாவில் ரொட்டியும் இருக்கவில்லை, இறைச்சியும் இருக்கவில்லை. பேரீச்சம்பழமும் உலர்ந்த பாற்கட்டியும் நெய்யுமே விரிப்பில் வைக்கப்பட்டன.

வலியுறுத்தப்பட்ட விருந்தே இத்துணை எளிமையாயிருக்க, கடமையல்லாத விருந்துக்காகப் பெண்ணைப் பெற்றவர் கடன்படுவது எவ்வாறு நியாயமாகும்? "எங்கள் தரப்பில் நூற்றைம்பது பேர் வருவோம்" என்று சொல்லியனுப்பி, உணவகத்தின் பெயரையும் தாமே குறிப்பிடும் மாப்பிள்ளை வீட்டார் நம்மிடையே உள்ளனர். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே இடம்பெறும் அளவுக்குக் கைக்கூலி நமது சமூகத்தில் வேரூன்றிய ஒன்று. கைக்கூலி வாங்கமாட்டேன் என உறுதிபூண்ட இளைஞரே, உமது வீட்டார் கேட்கும் இவ்விருந்து அதே கைக்கூலி தட்டில் வைத்து நீட்டப்படுவதல்லவா? உமது தாயிடம் இதனை நீரே பேச வேண்டும். பெண்ணின் தந்தை பேசமாட்டார். பேசினால் மகளின் வாழ்வு பாதிக்கப்படுமோ என்று அஞ்சுவார்.

விருப்பத்துடன் கொடுக்கப்படும் விருந்தாயின், செலவு செய்பவரே உணவகத்தைத் தெரிவுசெய்யட்டும். அவர் முற்பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டியவை சில உள. பட்டியலில் ஒரு தட்டு 3,000 ரூபா எனக் கண்டு மகிழ வேண்டாம். அதன்மேல் வழமையாக நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் உண்டு. பதிவுபெற்ற உணவகமாயின், 2024 ஜனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டு வீதமான பெறுமதி சேர் வரியும் உண்டு. தட்டின் விலை 3,800 ரூபாவைத் தாண்டும். 150 பேருக்கு மேலதிகச் செலவு மாத்திரம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா அளவில் வரும். வரிகள் யாவும் உட்பட்ட தொகையை எழுத்தில் பெறுங்கள். உறுதிசெய்த தொகையினரில் முப்பது பேர் வராதுவிட்டாலும் அவர்களுக்கும் சேர்த்தே பல உணவகங்கள் பணம் அறவிடும். ஆதலால் எண்ணிக்கையைக் குறைத்துக் கூறி, தேவைப்படின் எத்தனை பேரை இறுதி நேரத்தில் சேர்க்கலாம் என்று கேட்பதே புத்தியாகும். மாப்பிள்ளை வீட்டாரும் வருவோரின் தொகையைச் சரியாக அறிவிப்பது அமானிதம்.

அடுத்தது ஹலால். "நாங்கள் ஹலால் கோழிதான் வாங்குகிறோம்" என்ற பதிலோடு திருப்தியடைய வேண்டாம். கோழி ஹலாலாயிருந்தும், அதே எண்ணெயில் பன்றியிறைச்சி பொரிக்கப்படலாம். குழம்பில் மது சேர்க்கப்படலாம். சான்றிதழ் இருப்பின், அது அச்சமையலறைக்கு உரியதா, அதன் திகதி கடந்துவிட்டதா என்று வாசித்துப் பாருங்கள். பல்லாண்டுகளாக அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிவந்த இச்சேவையை 2014 முதல் தனியானதொரு நிறுவனம் பொறுப்பேற்று நடத்துகின்றது. எனவே சுவரில் தொங்கும் பழைய காகிதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். மதுச்சாலை உள்ள ஹோட்டலில், போயா தினத்தில் மது விற்பனை இல்லைதானே என்று அன்றைய தினத்தைத் தெரிவுசெய்யும் சமர்த்தர்களும் உளர். மதுச்சாலை மூடப்பட்டதனால் சமையலறை மாறிவிடுவதில்லை.

நேரத்தையும் கவனியுங்கள். நமது நாட்டில் மஃரிப் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாக வரும். இஷாவுக்கு அதிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். ஆறரைக்கு அழைத்தால் மஃரிபைத் தவறவிடுவோர் பலராவர். இஷாவின் பின் அழையுங்கள். அல்லது தொழவும் வுளூச் செய்யவும், விசேடமாகப் பெண்களுக்கு, இடமுள்ள உணவகத்தைத் தேடுங்கள். மாடிப்படி ஏற இயலாத பெரியம்மாவும் உங்கள் விருந்தாளியே. மணமகனின் இந்து நண்பர் மரக்கறி உணவு உண்பவராயின் அவருக்குத் தனியான தட்டு சொல்லிவைப்பதும் விருந்தோம்பலே. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவை, உணவுகளில் கெட்டதென ஹதீஸ் கண்டிக்கின்றது. வலீமாவுக்கே இந்நிலையென்றால், நம் விருந்துப் பட்டியலில் வறிய உறவினரின் பெயர் உண்டா என்று பார்த்த பின்னரே உணவகத்தின் தரத்தைத் தீர்மானிக்க வேண்டும். விலை கூடிய இடம் என்பதற்காக ஏழைச் சாச்சாவைத் தவிர்ப்பதிலும், அவரும் வரக்கூடிய இடத்துக்கு விருந்தை மாற்றுவது மேலானது.

சஹன் வைப்பதாயின் ஆறு பேருக்கு ஒன்றாக, 150 பேருக்கு 25 சஹன் போதும். சஹனில் பலரும் கையிட்டு உண்டதன் மீதியை எவருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே சஹனை அளவாக நிரப்பி, மேலதிகச் சோற்றையும் இறைச்சியையும் வேறாக வைக்கச் சொல்லுங்கள். கேட்போருக்கு அதிலிருந்து இடலாம். கை படாத மிகுதியைக் கொண்டுசெல்ல உணவகம் அனுமதிக்குமா என்பதை ஒப்பந்தத்தின்போதே கேளுங்கள். சில இடங்களில் அனுமதிப்பதில்லை. அனுமதித்தால், பொதி செய்து அன்றிரவே கொண்டுபோய்க் கொடுக்க வாகனத்தோடு இரு இளைஞரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள். புரியாணி காலை வரை தாங்காது.