1965 தந்த அமானிதம்

 

1965 சிங்கப்பூருக்குச் சோதனையான ஆண்டு. இந்தோனேசியாவுடனான மோதல் ஓயாத நேரம். மார்ச் 10-ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூவர் மாண்டனர். ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, மலேசியாவிலிருந்து நாம் பிரிந்துவிட்டதாக வானொலி அறிவித்தது. இங்கே உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பிவந்த நம் முன்னோர்முன் ஒரு கேள்வி நின்றது: இங்கேயே தங்குவதா, ஊர் திரும்புவதா?

அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மலாய், மாண்டரின், ஆங்கிலத்தோடு தமிழையும் அதிகாரத்துவ மொழியாக வைத்தது. எண்ணிக்கையில் சிறியவர்களான நமக்கு அல்லாஹ் அளித்த பெரிய நிஃமத் அது. தங்கியவர்கள் தலைநிமிர்ந்து தங்கினார்கள். பின்னர் அவர்கள் கூடி எழுப்பியதே இச்சங்கம்.

சட்டம் மொழிக்கு இடம் தரும். பேச்சைத் தருவது வீடுதான். பேரப்பிள்ளைகளிடம் நாமே ஆங்கிலத்தில் பேசிவிட்டு, தமிழ் தேய்கிறதே என்று மேடையில் வருந்துகிறோம். குறை பிள்ளைகளிடம் இல்லை, நம்மிடம்தான்.

இன்றிரவு வீடு திரும்பியதும் அவர்களோடு அமர்ந்து தமிழில் பேசுவோம். கையில் வந்த அமானிதத்தைக் காத்து ஒப்படைக்க வல்ல நாயன் அருள்புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.