தச்சு மேசைக்கு முளையும் கிளாம்பும்

(சங்கத்தின் பொங்கல் ஒன்றுகூடலில் பேசியது. சிலர் எழுதித் தரச் சொன்னதால் இங்கே.)



மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் ஒரு தச்சு மேசை போடலாம் என்று சென்ற கூட்டத்தில் முடிவானது. ரம்பம், இழைப்புளி, உளி என்று பட்டியலும் வந்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொள்ள என்ன வாங்குவது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. என் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முக்காலியின் காலை அந்தக் கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியை ஓட்டினேன். வழுக்கியது, நான்கு தையல். உளியின் முனைக்கு முன்னால் கை இருக்கவே கூடாது. இரண்டு கையும் பின்னால் இருக்க வேண்டுமென்றால் மரத்தை வேறு ஏதாவது பிடிக்க வேண்டும்.

நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து பாதத்தாலேயே பிடித்துக்கொள்வார்கள். அது சின்ன வயதிலிருந்து பழகிய கால். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற நமக்கு ஆகாது.

முதலில் முளை. பெஞ்ச் டாக் என்று விற்பது இதுதான். மேசையில் போட்ட துளையில் நிற்கும். பலகையை அதில் முட்டவைத்து இழைக்கலாம். பற்று இருந்தால் வரவு இருக்க வேண்டும் என்று பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் முளை, எதிர்ப்பக்கம் வைஸ் அல்லது ஓர் ஆப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் பிடி.

துளையின் அளவை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அமெரிக்க அளவில் வருபவை முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மி.மீ. ஐரோப்பிய அளவில் வருபவை 20 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நானும் நினைத்தேன். 20 துளையில் 19 முளையைப் போட்டால் சாய்கிறது, பலகை எழும்புகிறது. முளையை வாங்கி கையில் வைத்துக்கொண்டு, கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மேசையைத் தொடுங்கள். வைஸுக்கு நேராக ஒரே வரிசை, நான்கு அங்குலத்துக்கு ஒன்று, போதும்.

இரும்பு முளை வேண்டாம். இழைப்புளி ஒரு தடவை அதில் இடித்தால் அலகு போயிற்று. பித்தளை, அலுமினியம் பரவாயில்லை. என்னைக் கேட்டால் தேக்குக் கழிவில் நாமே சீவிக்கொள்ளலாம், செலவே இல்லை. பலகையின் உயரத்துக்குக் கீழேயே முளை நிற்க வேண்டும்.

ஹோல்ட்ஃபாஸ்ட் வாங்கலாமா என்று மூன்றாம் மாடி நண்பர் கேட்டார். துளையில் நுழைத்து ஒரு தட்டு தட்டினால் மரத்தை அமுக்கிக்கொள்ளும் வளைந்த இரும்பு அது. 1761இல் ஆங்கிலேயர் இடித்த புதுச்சேரியை 1765இல் திரும்பப் பெற்றவர் ழான் லா. நம் பக்கத்து லாஸ்பேட்டை அவர் பெயர்தான். அவர் இங்கே கவர்னராக இருந்த காலத்தில், 1769 முதல், பாரீசில் ரூபோ என்ற தச்சர் தன் தொழிலைப் பற்றி வெளியிட்ட பெரிய புத்தகத்திலேயே இந்த இரும்பு இருக்கிறது. பிரெஞ்சில் இதற்கு ‘வலே’, வேலைக்காரன் என்று பெயர். நல்ல சாமான்தான். ஆனால் மேசைப் பலகை இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். நாம் போடப்போவது 19 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, 38. சரியாகப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. மேலும் ஒவ்வொரு தட்டும் தரைத்தள வீடுகளில் கேட்கும். எனவே திருகு வைத்த கிளாம்ப்தான் நமக்கு.

எஃப் கிளாம்ப் நான்கு, 12 அங்குலம். ஜி கிளாம்ப் இரண்டு. இறுக்க நேரமாகும், ஆனால் அசையாது. ஒரு கையால் அமுக்கும் துப்பாக்கி மாதிரியான பிளாஸ்டிக் கிளாம்ப் பார்க்க ஆசையாக இருக்கும். தற்காலிகமாகப் பிடிக்க உதவும், ஒட்டுவதற்குப் பலம் போதாது. பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட நீளமான சாஷ் கிளாம்ப் மூன்று வேண்டும். அவற்றை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் போட்டால் பலகை வளையும். பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் பசை முழுதும் வெளியே வந்துவிடும். தேக்கில் ஈரப் பசையோடு இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும், நடுவில் ஒரு பாலிதீன் துண்டு வையுங்கள்.

கடையில் வாங்கும்போது திருகைக் கடைசிவரை சுற்றிப் பாருங்கள். இறுக்கியபின் கம்பி வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் ஊர்க் கடற்காற்றுக்கு மாதம் ஒருமுறை திருகில் எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடித்துவிடும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் பரணில் கிளாம்ப் கிடந்தால் வாங்குவதற்கு முன் சொல்லுங்கள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். மதியம் இரண்டு முதல் நான்கு வரை அறை பூட்டியிருக்கும். சாவி காவலாளியிடம்.