அழுகலும் ஆக்கமும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எருக்குழி, தோல் ஊறும் தொட்டி ஆகிய அழுகலோடு சேர்ந்த வேலைகளை நம் முன்னோர் தலையில் சுமத்தி, பின்னர் அவ்வேலைகளையே காரணம் காட்டி அவர்களைத் தள்ளி நிறுத்தியது சமுதாயம். அந்த அழுகலைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

அழுகல் என்பது யாது? கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் ஒரு பொருளை உண்டு, அதை வேறு பொருள்களாக மாற்றி வெளிவிடுவதே ஆகும். எந்தப் பாக்டீரியா, எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்பவற்றை மனிதன் தன் கட்டுக்குள் கொண்டுவந்தால் அதுவே தொழிற்சாலை.

முதல் உலகப் போரின்போது, வெடிமருந்து செய்வதற்கான அசிட்டோன் என்னும் திரவம் போதாமல் பிரிட்டன் தவித்தது. மான்செஸ்டரில் பணியாற்றிய சாயிம் வைஸ்மன் என்னும் வேதியியலர், மக்காச்சோள மாவை ஒருவகைப் பாக்டீரியாவுக்கு உணவாக்கி அசிட்டோன் எடுக்கும் வழியைக் கண்டார். 1917இல் தானியம் அரிதானபோது, மனிதர் உண்ண உதவாத மரக்கொட்டைகளைப் பள்ளிப் பிள்ளைகளே பொறுக்கித் திரட்டித் தந்தனர்.

இன்று அவ்வாறே சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலம் பெருமளவில் தயாரிக்கப்படுகிறது. நம் வீட்டு மோரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலந்தான். 1 கிலோ சர்க்கரையிலிருந்து ஏறத்தாழ 900 கிராம் அமிலம் பெற இயலும். அதிலிருந்து, உரிய சூட்டில் மட்கக்கூடிய பிளாஸ்டிக்கும் செய்கின்றனர்.

கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் நம் கொட்டாரத்து வயல்களில் மிஞ்சும் வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆயின் அது செல்லுலோஸ் என்னும் சங்கிலியாகப் பிணைந்து, லிக்னின் என்னும் பொருளால் பூட்டப்பட்டுள்ளது. நீராவியாலோ அமிலத்தாலோ பூட்டைத் தளர்த்தி, நொதிகளால் சங்கிலியை அறுத்தால்தான் சர்க்கரை விடுபடும். அதற்காகும் செலவே பெருந்தடை. மேலும், வைக்கோலிலிருந்து கிடைக்கும் சைலோஸ் என்னும் சர்க்கரையைப் பல பாக்டீரியாக்கள் எளிதில் உண்பதில்லை. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில், வைக்கோலிலிருந்து சர்க்கரையும் எரிசாராயமும் பெறும் ஆய்வுகள் நடந்துள்ளன. அந்நகரம் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ளது.

இளைஞர்களே! வைக்கோலைக் கட்டிச் சுமக்க நம்மை எவரும் தேடிவந்து அழைப்பர். ஆய்வுக்கூடத்தினுள் எவரும் அழைக்கமாட்டார். படித்துத்தான் நுழைய வேண்டும். வேதியியலும் உயிரியலும் கடினமென்று நம் பிள்ளைகள் ஒதுங்கக் காணுந்தோறும் மனம் வருந்துகிறோம். இக்கழகம் மாலை வகுப்புகள் நடத்தி, இவ்விரு பாடங்களையும் கற்பிக்க வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறோம்.

அழுகலைச் சுமந்தவரின் பேரர்கள் அதை ஆளக் கற்கட்டும் என வாழ்த்தி அமைகிறோம்.