விற்பனை ஏஐக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?



மருந்து கலந்து விதை நேர்த்தி செய்த நிலக்கடலையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்போம். அதைத் தின்னக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே விதையை இணையத்தில் விற்றுக் கொடுக்கிற ஏஐக்கு அது தெரியுமா? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

உங்களில் பலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்குதாரர்களாக இருக்கிறீர்கள். கடலை, எண்ணெய், அரிசி இவற்றை இணையத்தில் விற்கும் நிறுவனங்களும் உண்டு. வாடிக்கையாளர் கேட்பதற்குப் பதில் சொல்லி, ஆர்டரும் எடுக்க இப்போது ஏஐ முகவர் என்ற மென்பொருள் வந்திருக்கிறது. இதைப் புதிதாக வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துக் கொள்ளுங்கள். பேச்சில் கெட்டிக்காரன். ஆனால் நம் கிடங்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

இருப்பு பார்க்க ஒன்று, விலை சொல்ல ஒன்று, ஆர்டர் போட ஒன்று என்று இந்த ஆளுக்கு நாம் கருவிகள் கொடுக்கிறோம். இங்கே கருவி என்றால் மண்வெட்டி, கடப்பாரை அல்ல. கம்ப்யூட்டரில் ஒரு வேலையைச் செய்து தரும் சிறு நிரல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது முறையில், ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், கொடுக்க வேண்டிய விவரங்கள் ஆகியவற்றை எழுத இடம் இருக்கிறது. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை முகவர் இவற்றைப் படித்துத்தான் முடிவு செய்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் 'கடலை விவரம் தரும்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். வறுத்துத் தின்ன 5 கிலோ கேட்டவருக்கு முகவர் விதைக் கடலைக்கு ஆர்டர் போட்டு விட்டது. பொட்டலம் கட்டிய அம்மா பையிலிருந்த விதைச் சீட்டைப் பார்த்து நிறுத்தியதால் பெரிய ஆபத்து தப்பியது. இதில் முகவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதாததை அது எப்படி அறியும்?

ஆகவே, விளக்கம் எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

முதலாவது, கருவி எதற்கு, எதற்கு அல்ல என்ற இரண்டையும் எழுதுங்கள். பூச்சிமருந்து டப்பாவில் எந்தப் பயிருக்கு என்று இருப்பதோடு, எச்சரிக்கையும் இருக்கிறதல்லவா, அதுபோல.

இரண்டாவது, அளவைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'மூட்டை' என்று மட்டும் எழுதினால் போதாது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. வியாபாரியிடம் 60 என்றும் 75 என்றும் பேசுகிறோம். கிலோ என்றே எழுதுங்கள்.

மூன்றாவது, கருவி பார்க்க மட்டுமா, எதையாவது மாற்றுமா என்று சொல்லுங்கள். இருப்பு பார்த்தால் ஒன்றும் குறையாது. ஆர்டர் போட்டால் சரக்கும் பணமும் கை மாறும். அதற்கு முன் அளவையும் தொகையையும் வாடிக்கையாளரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று எழுதுங்கள்.

நான்காவது, வரும் பதிலின் பொருளை எழுதுங்கள். பூஜ்யம் வந்தால் சரக்கு தீர்ந்தது. 'பிழை' என்று வந்தால் கணக்கு கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

ஒரு மாதிரி சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள். 'உணவுக் கடலை இருப்பு: உணவுக்கான நிலக்கடலை எத்தனை கிலோ இருக்கிறது என்று காட்டும். தின்னவோ எண்ணெய் ஆட்டவோ கேட்டால் இதைப் பயன்படுத்தவும். விதைக்குக் கேட்டால் விதைக் கடலை இருப்பு என்ற கருவியைப் பயன்படுத்தவும். எதற்கென்று சொல்லாவிட்டால் முதலில் கேட்கவும். இது ஆர்டர் போடாது.' விதைக் கடலைக் கருவியில், 'மருந்து கலந்தது. உணவுக்கும் எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் கொடுக்கக் கூடாது' என்று சேர்த்து எழுத வேண்டும்.

எழுதியதும் விற்பனையைத் திறந்து விடாதீர்கள். வாடிக்கையாளர் பேசுகிற மாதிரியே 'கடலை இருக்கா?', 'அரை மூட்டை வேணும்' என்று பலவிதமாகக் கேட்டுப் பாருங்கள். தவறான கருவியை எடுத்தால் விளக்கத்தைத் திருத்தி, மறுபடி கேளுங்கள். அப்போதும் விளக்கத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. விதைக் கடலை ஆர்டரை ஓர் ஆள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சரக்கு கிளம்ப வேண்டும் என்று நிரலிலேயே பூட்டுப் போடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பையன் வேலை என்று ஒதுங்கி விடாதீர்கள். நிரல் எழுத அவனுக்குத் தெரியும். எந்தக் கடலை விதைக்கு, எது வாய்க்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த கூட்டத்தில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, விளக்கம் ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் உங்களுக்கே புரியவில்லை என்றால் முகவருக்கும் புரியாது.