பைன் மரத்துப் பிசின்

என் மாமா வயலின் வாசிப்பவர். கையில் வில்லை எடுத்ததும், தேன் நிறமான ஒரு கட்டியை அதன் மயிரிழைகளில் தேய்ப்பார். தேய்க்காவிடில் வில் தந்தியின் மேல் வழுக்குமேயன்றி நாதம் பிறவாது. ரோசின் என்னும் அந்தக் கட்டி, பைன் மரத்தின் காயத்திலிருந்து வடிந்த பிசின் என்பதைக் கல்லூரியில் இரசாயனம் பயின்றபோதுதான் அறிந்தேன்.

மாணவ நண்பர்களே, பைன் மரத்தின் கட்டைக்குள் மிக நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றைச் சூழ்ந்த உயிரணுக்கள் பிசினைச் சுரந்து, அழுத்தத்துடன் நிரப்பி வைக்கின்றன. கோடரி பட்டாலும் வண்டு துளைத்தாலும் பிசின் வெளியே வழிகிறது. அதிலுள்ள டர்பென்டைன் எண்ணெய் ஆவியாகிவிட, எஞ்சிய ரோசின் இறுகிக் காயத்தை மூடுகிறது. டர்பென்டைனின் முக்கியப் பொருளான பைனீனில் 10 கார்பன் அணுக்கள். ரோசினிலுள்ள அபீட்டிக் அமிலத்தில் 20. ஐந்து கார்பன் கொண்ட ஒரேவகைத் துண்டுகளை இணைத்தே மரம் இரண்டையும் ஆக்குகிறது: முன்னதற்கு இரண்டு, பின்னதற்கு நான்கு. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

எல்லாப் பைன் மரங்களின் பிசினும் ஒன்றல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்ற சைமன்சன் என்னும் இரசாயன அறிஞர், இமயமலைச் சீர் பைனின் டர்பென்டைனை ஆராய்ந்து, அதிலுள்ள கரீன் என்னும் பொருளைப் பற்றி 1920-இல் எழுதினார்.

இவ்வளவு காவல் இருந்தும் மரம் தோற்பதுண்டு. கனடாவின் மேற்குப் பகுதியில், அரிசி மணி அளவேயான ஒரு கரிய வண்டு பைன் பட்டையைத் துளைக்கிறது. முதலில் வருபவை பெண் வண்டுகள். தம்மைக் கொல்ல வந்த பைனீனையே அவை உடலுள் வெர்பினால் என்னும் வேறொரு பொருளாக மாற்றி வெளிவிடுகின்றன. அந்த வாசனை மற்ற வண்டுகளுக்கு அழைப்பு! நூற்றுக்கணக்கில் அவை வந்து குடைய, பிசின் வற்றிவிடுகிறது. வண்டுகளுடன் வந்த பூஞ்சை, நீர் ஏறும் வழிகளை அடைக்கிறது.

முன்பெல்லாம் கடுங்குளிர் இவ்வண்டுகளின் புழுக்களைக் கொன்றுவந்தது. குளிர்காலத்தின் கடுமை தணிந்தபின், 1990-களின் பிற்பகுதி முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டில் இவை பரவின. நீரின்றி வாடிய மரத்துக்குப் பிசின் சுரக்கவும் வலுவில்லை. வண்டு புகுந்த மறு கோடையில், பச்சையாயிருந்த மலைச் சரிவு முழுவதும் செந்நிறமாகிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதை இலையுதிர்கால அழகென்றே எண்ணுவர். ஆனால் அவை செத்த மரங்கள்.