கடையில் அடிபட்ட குழந்தையின் உரிமை

தியாகராய நகரில் ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால், ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் உள்ள கடைகளுக்குள் குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிக் கம்பி, குழந்தைக்குச் சரியாகக் கண் உயரத்தில் இருக்கிறது. துடைத்து ஈரம் காயாத தரை, அடையாளம் ஒட்டாத கண்ணாடிக் கதவு, ரப்பர் செருப்பைக் கவ்வும் எஸ்கலேட்டர் ஓரம் ஆகியவையும் குழந்தைகளைக் காயப்படுத்துகின்றன. நெற்றியில் மூன்று தையல், மணிக்கட்டில் மாவுக்கட்டு என்ற அளவில் முடியும் விபத்துகளில், "நாமதான் சரியாப் பாத்துக்கலை" என்று பெற்றோர் தங்களையே நொந்துகொண்டு வீடு திரும்புவதே வழக்கம். சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது.

வியாபாரத்துக்காக மக்களை உள்ளே வரவழைப்பவர், வருகிறவர்களுக்கு அந்த இடம் ஆபத்தாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். 1866இல் இங்கிலாந்தில், சர்க்கரை ஆலைக்குள் எரிவாயு வேலைக்கு வந்த தொழிலாளி தடுப்பில்லாத திறப்பு வழியே விழுந்த வழக்கில் இந்த நெறி உறுதிப்பட்டது. 1957இல் இங்கிலாந்து இதைத் தனிச் சட்டமாகவே இயற்றியது. குழந்தைகள் பெரியவர்களைப் போலக் கவனமாக இருக்க மாட்டார்கள் என்பதை இடத்துக்குப் பொறுப்பானவர் எதிர்பார்த்தே ஆக வேண்டும் என்று அதில் எழுதியும் வைத்தது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. கவனக்குறைவு பற்றிய பொதுவான நெறியைக் கொண்டே நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன. "குழந்தைகளைப் பெற்றோர் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று பலகை மாட்டிவிட்டதால் மட்டும் கடையின் கடமை தீர்ந்துவிடாது.

பெற்றோர் சற்றே அசந்திருந்தால் குழந்தையின் உரிமை போய்விடுமா? 1858இல் ஓர் ஆங்கில நீதிமன்றம் போய்விடும் என்றே சொன்னது. பாட்டியோடு ரயில் பாதையைக் கடந்த 5 வயதுக் குழந்தை அடிபட்டபோது, பாட்டியின் கவனக்குறைவைக் குழந்தையின் கணக்கில் எழுதி இழப்பீட்டை மறுத்தது. மிகக் கொடுமையான தீர்ப்பு அது. 1933இல், தாத்தாவுடன் சாலையைக் கடக்கையில் பேருந்தில் அடிபட்ட குழந்தையின் வழக்கில் அந்தக் கருத்து கைவிடப்பட்டது. பெற்றோர் தமக்கெனக் கேட்கும் தொகையை அவர்களுடைய கவனக்குறைவு குறைக்கக்கூடும். குழந்தைக்கு உரியதை அது பறிக்காது.

சென்னையில் இத்தகைய குறைக்கு எளிதில் எட்டும் இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குழந்தையின் சார்பில் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ புகார் கொடுக்கலாம் என்கிறது. அதற்கு முன்பே, டெல்லியில் ஒரு குழந்தைக்குத் தவறாகப் போடப்பட்ட ஊசி பற்றிய வழக்கில், குழந்தையோடு பெற்றோரும் நுகர்வோரே என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. குடும்பம் மயிலாப்பூரில் குடியிருந்து, கடை வேறு ஊரில் இருந்தாலும், குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் நுகர்வோர் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வாங்கியிருக்க வேண்டும். அதனால்தான் அன்றைய பில் சின்னக் காகிதமாக இருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம். விளையாட்டுப் பகுதிக்கு எடுத்த டிக்கெட்டும் பயன்படும். எதுவும் வாங்காமல் சுற்றிப் பார்க்கையில் அடிபட்டிருந்தால் வழி உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே ஒரு பாதுகாப்பு உண்டு: குழந்தைக்காகத் தொடுத்த வழக்கில் பெற்றோர் சமரசம் செய்துகொள்ள நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

வழக்கின் வலிமை முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பதற்றத்தில் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றாது, அதில் தவறில்லை. உடன் வந்த ஒருவர் அந்தக் கம்பியையோ ஈரத் தரையையோ செல்போனில் படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்து, அதன் மேல் புதிது பதிவாகிவிடும். எனவே அதைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி கடை மேலாளரிடம் உடனே எழுத்தில் கேட்பது அவசியம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ சேர்க்கும்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்பதைச் சரியாகச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற வைக்க வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று ஊரார் சொல்லும் அந்தத் தாளில் "வீட்டில் விழுந்தான்" என்று தவறாகப் பதிவாகிவிட்டால், பிறகு அதை மாற்றுவது கடினம்.

சிறு காயத்துக்குக் காவல் நிலையம் வரை போவது பெரும்பாலும் தேவையற்றது. எலும்பு முறிவு போன்ற கொடுங்காயமானால் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லது. கவனக்குறைவால் பிறரைக் காயப்படுத்துவது பாரதிய நியாய சம்ஹிதையின் 125ஆம் பிரிவின்படி குற்றம்.

பல கடைகள் முதல் மருத்துவச் செலவை உடனே கொடுத்துவிடுகின்றன. அதை வாங்கிக்கொள்வதில் குறையில்லை. "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற தாளில் அன்றே கையெழுத்துப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. வளரும் எலும்பின் முனையில் பட்ட அடி பல மாதம் கழித்தே கோணலாகத் தெரியக்கூடும். முகத் தழும்புக்குப் பின்னாளில் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். இவை பற்றி மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்கிய பிறகு, செலவு, ஆட்டோக் கட்டணம், வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம், குழந்தை பட்ட வலி எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புவதே சரியான வரிசை.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம்; பெரிய நிறுவனங்கள் இதற்கே இறங்கி வருவதுண்டு. அடுத்தது ஆணையத்தில் புகார். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அதைக் கொடுக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். சிறு காயங்களுக்குப் பொருத்தமான வழி அதுதான். வழக்கறிஞர் வேண்டுமென்றால், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

பொருளைச் சோதித்துப் பார்க்கத் தேவைப்படாத புகாரை 3 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. தோற்ற தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். கடை மேல்முறையீடு செய்வதானால் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். குழந்தைக்கென்று வழங்கப்படும் தொகையை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், அந்தக் குழந்தையின் பெயரில், 18 வயது நிரம்பும் வரை வைப்பு நிதியாகப் போட உத்தரவிடுவது வழக்கம்.