கோப்பில் தொடங்கும் வழக்கு: சூழல் நீதியும் அரசு வழக்கறிஞரும்



இந்தக் கருத்தரங்கைக் கூட்டிய வழக்கறிஞர் நண்பர்களுக்கும், கட்டுரை வாசிக்க வந்திருக்கும் சட்டக்கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், வேலைநாளைக் கெடுத்துக்கொண்டு கடற்கரை ஊர்களிலிருந்தும் மலையோரத்திலிருந்தும் வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் என் அன்பு. சுற்றுச்சூழல் வழக்குகளில் அரசு வழக்கறிஞரின் பணி என்ன என்பது இன்றைய பொருள். அதைப் பேசத் தக்கலையைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பாராட்டுகிறேன்.

பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகம் இந்த ஊரில் இருக்கிறது. தெற்கே இறங்கினால் மணவாளக்குறிச்சி. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்தக் கரையின் மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அன்றைய ஐரோப்பாவுக்கு கேஸ் விளக்கின் மேண்டிலுக்காகத் தோரியம் வேண்டியிருந்தது. இன்று அணுசக்திக்கும் மின்னணுத் தொழிலுக்கும் அதே மணல் வேண்டியிருக்கிறது. ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டமிட்டது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மக்களின் எதிர்ப்புக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது. மலைப்பக்கம் போனால் பாறை உடைப்பு. நடுவே ஏலா எனப்படும் வயல்வெளிகளையும் குளங்களையும் தாண்டிப் போகும் நான்குவழிச் சாலை. இந்த மாவட்டத்தில் வழக்குத் தொழில் செய்யும் ஒருவர் சூழல் வழக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இவற்றில் எந்த வழக்கை எடுத்தாலும் அரசின் பக்கம் ஒருவர் எழுந்து நிற்பதில்லை, பலர் நிற்கிறார்கள். மாநில அரசுக்கு ஒருவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒருவர், ஒன்றிய அமைச்சகத்துக்கு ஒருவர், சில சமயம் மணல் எடுக்கும் பொதுத்துறை நிறுவனத்துக்கும் ஒருவர். அனுமதி கொடுத்ததும் அரசு, காவல் காக்க வேண்டியதும் அரசு, பல நேரங்களில் தோண்டுவதும் அரசு. அரசுத் தரப்பு மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு வழக்கறிஞரின் கட்சிக்காரர் துறை அல்ல. அந்தத் துறை யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ அந்த மக்கள். இது மேடைக்காகச் சொல்லும் வாசகமாக நின்றுவிடக் கூடாது. துறை அனுப்பும் பாராவாரிக் குறிப்பை வாங்கிப் பதில் மனு தயாரிக்கும் அன்றாட வேலையில் இது நடைமுறையாக வேண்டும்.

தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கை எல்லோரும் படித்திருப்பீர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பு. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டம்தான் என்று சொன்ன தீர்ப்பு. மாணவர்கள் இந்த இரண்டு கொள்கைகளையும் தேர்வுக்கு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் வாரியத்தின் பிரமாணப் பத்திரத்தைப் பற்றி வரும் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 584 தோல் பதனிடும் தொழிற்சாலைகள். இசைவாணை கேட்டு விண்ணப்பித்தவை 443. 1985 ஜூலை 31க்குள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் கெடு கொடுத்தும், அமைத்தவை 33. இந்தக் கணக்கை நீதிமன்றத்தில் வைத்தது மனுதாரர் அல்ல, வாரியமே. திண்டுக்கல் பக்கத்தில் 13 ஊர்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற ஆய்வும், 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பாழ்பட்டது என்ற வேளாண் ஆய்வும் அதற்குப் பக்கத்தில் நின்றன.

அந்தக் கணக்கு வாரியத்துக்குப் பெருமை தரும் கணக்கு அல்ல. பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கணக்கு. ஆனாலும் அது உண்மையாக நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டதால்தான் தீர்ப்பு உறுதியான தரையில் நின்றது. அதே எண்களை மழுப்பி, “தகுந்த நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று ஒரு வரியில் முடித்திருக்கவும் முடியும். அந்த ஒரு வரியை நான் எத்தனையோ வரைவுகளில் பார்த்திருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்பி, எத்தனை நோட்டீஸ், எந்தத் தேதியில், யாருக்கு, அதன் பிறகு என்ன நடந்தது என்று கேட்கும் அரசு வழக்கறிஞர்தான் இந்தப் பணியைச் செய்கிறவர். வழக்கைக் கொண்டுவர உழைத்த எம்.சி. மேத்தாவுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கட்டணத்தை மாநில அரசே கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் உத்தரவு வந்தது. மக்கள் தரப்பு வழக்கறிஞர் செய்தது அரசு செய்திருக்க வேண்டிய வேலை என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1991இல் தொடங்கிய அந்த வழக்கின் தொடர்ச்சி 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாக வந்தது. இழப்பீடு இன்னும் போய்ச் சேராதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். கிணறு கெட்ட விவசாயியின் பேரப்பிள்ளைகள் தலையெடுக்கும் காலம் அது.

ஏன் இத்தனை தாமதம்? காரணங்கள் பல. என் கண்ணில் பெரியதாகப் படுவது கோப்பு. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இன் 21ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையின் கழிவுநீரில் மாதிரி எடுக்கும் அதிகாரி, ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று அங்கேயே பொறுப்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டையும் முத்திரையிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்கு. மற்றது, அவர் கேட்டுக்கொண்டால், சட்டம் குறிக்கும் இன்னொரு ஆய்வகத்துக்கு. இதில் தவறினால் ஆய்வு முடிவு சாட்சியமாக ஏற்கப்படாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஓடையே நிறம் மாறிக் கிடந்தாலும், மீன் செத்து மிதந்தாலும், கையெழுத்து இல்லாத புட்டியைக் காட்டி நிறுவனத்தின் மூத்த வழக்கறிஞர் கால் மணி நேரத்தில் வழக்கை உடைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; அவர் தம் வேலையைச் செய்கிறார். குறை, ஒரு புட்டியில் மட்டும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த நடைமுறையிலும், அந்த அதிகாரிக்கு 21ஆம் பிரிவை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராததிலும் இருக்கிறது. அதைச் சொல்லித்தரும் கடமை நமக்கு உண்டு. மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி நாள் போதும். இதைக் கேட்டு நான் எழுதிய குறிப்புகளுக்குப் பதில் வந்ததில்லை. இன்று இந்த அவை கேட்டால் வரக்கூடும்.

ஸ்டெர்லைட் தாமிர ஆலை வழக்கிலும் இதே பாடம்தான், பெரிய அளவில். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில், ஆலையை மூடக் கோரிப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூடும் அரசாணை. டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. 2019 பிப்ரவரியில், தீர்ப்பாயத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமே இல்லை என்ற வாதத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. அந்தச் சட்டக் கேள்வியைக் கடைசிவரை விடாமல் பிடித்தது அரசுத் தரப்பு. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானமும் வி. பவானி சுப்பராயனும் 2020 ஆகஸ்ட் 18 அன்று ஆலையின் மனுக்களைத் தள்ளுபடி செய்தார்கள். தீர்ப்பு எண்ணூறு பக்கங்களுக்கு மேல். 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உப்பாற்றின் ஓரத்தில் கொட்டிய தாமிரக் கசடு, தராத நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகள், கழிவுகளைக் கையாளும் அனுமதி இல்லாமை என்று தனித்தனியாகச் சுட்டப்பட்ட காரணங்களே கடைசிவரை நின்றன.

அந்த வெற்றியில் அரசு வழக்கறிஞர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூடும் ஆணைக்குக் காரணமாகக் காட்டப்பட்ட அதே குறைகள் இருந்த ஆண்டுகளில் இசைவாணையைப் புதுப்பித்துக் கொடுத்ததும் அதே வாரியம்தான். அந்த ஆண்டுகளிலும் வாரியத்துக்காக யாரோ ஒரு வழக்கறிஞர் வாதாடினார். அன்று அவர், “இதை என்னால் ஆதரித்துப் பேச இயலாது, முதலில் கசடை அகற்றச் சொல்லுங்கள்” என்று எழுத்தில் கருத்துக் கொடுத்து, அதை அதிகாரிகள் கேட்டிருந்தால், துப்பாக்கிச் சூட்டுக்குப் போகாமலே இந்தக் கதை முடிந்திருக்கலாம்.

நம் கடற்கரையின் தாதுமணல் வழக்கிலும் 2013இல் தடை வந்தது. 2025 பிப்ரவரி 17 அன்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் சட்டவிரோதமாக எடுத்த மணலுக்கு 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் நடவடிக்கையை உறுதி செய்து, மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கும் உத்தரவிட்டது. அரசு அமைத்த ககன்தீப் சிங் பேடி குழு கரையில் இறங்கி அளந்து எழுதிய அறிக்கை இல்லாமல் அந்தத் தீர்ப்பு இல்லை.

காலவரம்பு பற்றி ஒரு சொல். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதி ஆங்கிலத்தில் ஓர் இணையதளத்தில் ஏறுகிறது. ஊருக்குத் தெரிவது முதல் பொக்லைன் வரும்போது. அப்போது வந்து மனு போடும் மீனவரின் முன் அரசு வழக்கறிஞர் எழுந்து, “காலம் கடந்துவிட்டது” என்று ஆட்சேபிக்கிறார். சட்டப்படி அந்த ஆட்சேபம் சரியாக இருக்கலாம். ஆனால் அதை எழுப்புமுன், அனுமதி ஊராட்சிக்கு எந்த நாளில் போனது, எங்கே ஒட்டப்பட்டது, தமிழில் இருந்ததா என்று துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்த ஆட்சேபத்தை விட்டுவிட வேண்டும். தனியாருக்கு வாதாடுகிறவருக்கு இல்லாத இந்தச் சுதந்திரமும் கடமையும் நமக்கு இருக்கின்றன.

அரசு வழக்கறிஞரின் இந்தக் கடமைக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் சூழல் நீதியை அரசின் கொள்கையாக்கியது 1994இல் கிளின்டன் பிறப்பித்த ஓர் அதிபர் ஆணை. 2022இல் நீதித்துறைக்குள் அதற்கென்றே ஓர் அலுவலகம் வந்தது. அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் வீட்டு முற்றத்தில் சாக்கடை தேங்கிக் கிடந்த கறுப்பின ஏழைகளுக்காக அரசு வழக்கறிஞர்கள் 2023இல் ஓர் ஒப்பந்தம் பெற்றுத் தந்தார்கள். 2025இல் ஆட்சி மாறியதும் அந்த ஆணையும் அலுவலகமும் ஒப்பந்தமும் போயின. நமக்கு அப்படி ஆகாது என்று நினைக்கத் தோன்றும். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பும், 48அ உறுப்பும், பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஒரு குறிப்பாணை, அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. கிள்ளியூர்க்காரருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சட்டம் தந்த உரிமையைக் குறிப்பாணை எடுக்க முடியுமா என்பது நாளை நீதிமன்றத்தில் வாதிடப்பட வேண்டிய கேள்வி. அன்று அரசு மேசையில் இருப்பவர் இன்று இந்த அரங்கில் மாணவராக இருக்கக் கூடும்.

பெரிய நீதிமன்றங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்; கீழே தொடங்கிய ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்ற காரணத்தைச் சொல்லி நகராட்சி சாக்கடையைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கு தொடங்கியது ஓர் உட்கோட்ட நடுவரின் உத்தரவில். பொதுத் தொல்லையை நீக்க ஆணையிடும் அதே அதிகாரம் இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. உட்கோட்ட நடுவர் என்ற முறையில் இங்கிருக்கும் சார் ஆட்சியருக்கும் இருக்கிறது. குளத்தில் கழிவு கொட்டுவதை நிறுத்த எல்லோரும் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இங்குள்ள இளம் வழக்கறிஞர்கள் இந்தப் பிரிவைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்த இரண்டு நாள் அமர்வுகளின் முடிவில் நீங்கள் நிறைவேற்றும் தீர்மானங்களில் மூன்று இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய திட்டங்களுக்கு இசைவாணை தருமுன் அரசு வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெற வேண்டும். அந்தக் கருத்தும் அரசின் பதில் மனுவும் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். மாதிரி எடுக்கும் அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் சாட்சியச் சட்டப் பயிற்சி வேண்டும். தீர்மானங்களை அரசுத் தலைமை வழக்கறிஞருக்கும் சட்டத்துறைச் செயலாளருக்கும் அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். அமர்வுகளை இத்துடன் தொடங்கி வைக்கிறேன்.